எட்டுப் பேரும் அவரவர் இடத்துக்கு

துப்ரோவா, சஸ்காட்செவன்
12 பிப்ரவரி 1997

அன்புள்ள ஒலேனா அக்காவுக்கு,

தார்க்கா எழுதுகிறேன். ஹாலிஃபாக்ஸில் நீ சுகமா? பல் பிடுங்கினாயே, வீக்கம் வடிந்ததா? இங்கே நானும் நெஸ்டரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. வாய் வழக்கம்போல நன்றாக வேலை செய்கிறது.

சனிக்கிழமை எங்கள் கிளப்பின் சதுர நடனத்தில் நடந்த கூத்தை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். கூடத்தில் மூன்று சதுரம் நின்றது. சதுரத்துக்கு நான்கு ஜோடி, எட்டுப் பேர். நான் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இசை ஓட ஓட அடுத்த அடியைச் சொல்லிக்கொண்டே போகிறேன். இடக்கை கொடு, சுற்றி வா, எதிர் ஜோடியைக் கடந்து போ. எப்படிக் கலைத்துப் போட்டாலும் கடைசியில் அவரவர் துணையிடம் அவரவரைக் கொண்டுவந்து சேர்ப்பதுதானே அழைப்பு சொல்பவள் வேலை! இத்தனை வருஷத்தில் நான் பிசகியதே இல்லை. அன்றைக்கு என்ன ஆயிற்றோ, "துணையோட கைகோத்து ஊர்வலம்!" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தால், ஒருத்தர்கூடச் சொந்தத் துணையோடு இல்லை. என் வீட்டுக்காரர் நெஸ்டரோ, பாதிரியாரின் மனைவியோடு நடக்கிறார். அப்பா யாரோடு தெரியுமா? பாலின் அம்மாளோடு! அம்மாவைப் பார்ப்பதற்கு முன்னால் அப்பா பெண் கேட்டுப் போய், 'வேறு வீடு பாருங்கள்' என்று திருப்பி அனுப்பினார்களே, அதே பாலின். அப்பா மீசையை நீவிக்கொண்டு நடக்கிறார். அம்மா கூடமே கேட்கிற மாதிரி, "அம்பது வருஷம் கழிச்சு உங்க ஆசை நெறவேறிடுச்சு! அப்படியே அவ வீட்டுக்கே போயிடுங்க, உங்க துணிமணிய நான் அனுப்பி வைக்கறேன்!" என்று கத்தினாள்.

குழம்பிப் போனால் அவரவர் இடத்துக்குத் திரும்பி, துணையின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும் என்பது வழக்கம். சிரித்த சிரிப்பில் அதுகூட யாருக்கும் தோன்றவில்லை.

ஜூலை பத்தொன்பது, அவர்களுடைய ஐம்பதாவது கல்யாண நாள். அன்று நான்தான் அழைப்பு சொல்ல வேண்டும் என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நீ கட்டாயம் வர வேண்டும். ஆடச் சொல்ல மாட்டோம், பயப்படாதே. உன் காலும் தாளமும் பேச்சுவார்த்தையில் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

போன் எடுக்கவில்லை என்று கோபிக்காதே. நெஸ்டர் அதைக் கீழே போட்டதிலிருந்து ஒரே கரகரப்பு. கடிதம் எழுது. அது இருக்கட்டும், பல் பிடுங்கினாயே, வீக்கம் வடிந்ததா?

உன் தங்கை,
தார்க்கா

*

ஹாலிஃபாக்ஸ்
26 பிப்ரவரி 1997

செல்லத் தார்க்காவுக்கு,

நானும் என் பூனையும் சுகம். பல் வீக்கம் வடிந்தது. பல் வீக்கம் வடிந்தது. நீ இரண்டு தடவை கேட்டாய், நானும் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் உட்காருகிறவளே வீங்கிய முகத்தோடு உட்கார்ந்தால் எவன் உள்ளே வருவான்? இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டார்கள்.

அப்பாவின் ஊர்வலத்தைப் படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் பூனை அலமாரி மேல் ஏறிக்கொண்டது. அவர் மீசையை நீவியதை யாராவது படம் பிடித்தார்களா?

போன் கரகரப்பாம்! போன வாரம் அம்மா உன் வீட்டிலிருந்துதான் என்னோடு பேசினாள். பக்கத்து அறையிலிருந்து பேசுவது போலக் கேட்டது. ஏன்டி பொய் சொல்கிறாய்?

உனக்கு எம்.எஸ்., அந்த மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் நரம்பு நோய், என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு என்னிடம் என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "கால் போனா போகுது அக்கா, மைக் பிடிக்கக் கால் எதுக்கு?" ஆறு வருஷம் ஆகிறது. நான் ஒரு வாரம் அழுதேன், நீ அந்த வாரமே கைத்தடிக்குச் சிவப்புச் சாயம் அடித்துக்கொண்டு நடனத்துக்குப் போனாய். அந்தக் கால் எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது.

முத்தங்களுடன்,
ஒலேனா

*

துப்ரோவா
14 மார்ச் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வீக்கம் வடிந்ததில் மகிழ்ச்சி. கால் போன வருஷம் இருந்த மாதிரியேதான் இருக்கிறது. தடியும் நானும் நலம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் உட்கார்ந்து பெரோகி மடித்தோம். அப்பா ஒன்றைக் கடித்துவிட்டு மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, இதுல உள்ள ஒண்ணுமே இல்லையே! தவக்காலத்துக்குன்னு விசேஷமா செஞ்சதா?" என்றார். தட்டில் பாதிக்கு மேல் வெறும் மாவு. உருளைக்கிழங்கை வைக்காமலே ஓரத்தை அழுத்தி அழுத்தி அடுக்கியிருக்கிறேன். அம்மா பேசிக்கொண்டிருந்தாள், வானொலியும் பாடிக்கொண்டிருந்தது. எல்லாரும் சிரித்தோம்.

வேறு விசேஷம் இல்லை. கிளப்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

தார்க்கா

*

ஹாலிஃபாக்ஸ்
3 ஏப்ரல் 1997

செல்லத் தார்க்காவுக்கு,

எல்லாரும் நலம்தானே? நான் நலம். பூனைக்கு மட்டும் வயிறு சரியில்லை.

கிளப்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை என்று ஏன் எழுதினாய் என்று இப்போதுதான் புரிந்தது. பிப்ரவரிக்குப் பிறகு நீ அந்தப் பக்கமே போகவில்லையாமே! மைக் நிலவறையில் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் இருக்கிறதாமே! அம்மாதான் சொன்னாள். "அவகிட்ட கேக்காத, மூஞ்ச தூக்கி வச்சுக்கறா" என்றாள்.

நீ கவலைப்படாதே. உன் பாரத்தை நான் இறக்கி வைத்துவிட்டேன். சாஸ்கட்டூனில் ஒரு ஆளைப் பிடித்திருக்கிறேன். பெரிய பெரிய விழாக்களுக்கெல்லாம் அழைப்பு சொல்கிறவர். ஜூலை பத்தொன்பதுக்கு வர ஒப்புக்கொண்டார். நீ பாட்டுக்கு விசிறியை வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்காரலாம். சந்தோஷம்தானே?

ஒலேனா

*

ஹாலிஃபாக்ஸ்
30 ஏப்ரல் 1997

தார்க்கா,

சுகமா? பதிலே இல்லை. போனிலும் நெஸ்டர்தான் வருகிறார். "தோட்டத்துல இருக்கா" என்கிறார். உங்கள் ஊரில் இன்னும் பனி உருகவில்லை என்று வானிலைச் செய்தியில் காட்டுகிறார்கள். என்ன தோட்டம் அது?

நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?

அக்கா

*

துப்ரோவா
11 மே 1997

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கிற மனசு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். சுகமா?

எனக்குப் பதில் ஆள் வைக்க நீ யார்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? விசிறியோடு முதல் வரிசையில் உட்கார எனக்கென்ன தொண்ணூறு வயசா? நாற்பத்து மூன்றுதானடி ஆகிறது! இந்த வரியை மூன்று நாளாக மனசில் வைத்துத் திட்டியிருக்கிறேன். இப்போது எழுதிவிட்டேன், கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது.

இனி உண்மை. பிப்ரவரியில் எல்லாரும் சிரித்தார்கள் என்று எழுதினேன். நான் கோட்டு மாட்டுகிற அறையில் போய் அழுதேன். முன்பெல்லாம் எட்டுப் பேரும் எங்கெங்கே நிற்கிறார்கள் என்று கண்ணை மூடினாலும் தெரியும். அன்று பாதி வழியில் எல்லாம் அழிந்து போயிற்று. அழிந்தது தெரியாத மாதிரி வாய் மட்டும் சொல்லிக்கொண்டே போனது.

போனில் கரகரப்பு இல்லை. நீ வேகமாகப் பேசுகிறாய். எனக்கு ஒரு வார்த்தை கிடைப்பதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறாய். நான் முட்டாள் மாதிரி 'ம், ம்' என்று நிற்கிறேன். கடிதத்தில் வார்த்தை வரும்வரை எழுந்து போய்க் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வரலாம். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

போன வாரம் நெஸ்டர் என்னை சாஸ்கட்டூனுக்கு, ஹெய்டி என்ற டாக்டர் அம்மாவிடம் கூட்டிப்போனார். காலைப் பார்க்கவே இல்லை, தலைக்குத்தான் பரீட்சை. ஒலிநாடாவில் எண்கள் வரும். ஒவ்வொன்றையும் அதற்கு முன்னால் வந்த எண்ணோடு கூட்டிச் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே, "ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க!" என்று அந்த ஒலிநாடாவிடம் கெஞ்சினேன். டாக்டர் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு உட்கார வைத்துச் சொன்னாள். "எம்.எஸ். இருக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு இது உண்டு. நீங்க சோம்பேறியும் இல்ல, புத்தி கெட்டும் போகல. கிடங்குல தானியம் அப்படியே இருக்கு. லாரில ஏத்தற வேகம்தான் கொறஞ்சிருக்கு. ஒரே நேரத்துல ரெண்டு லாரி வந்து நின்னா தடுமாறும். களைப்பா இருந்தா, வெக்கையா இருந்தா, இன்னும் மெதுவாகும்."

நான் அழுதேன் அக்கா, ஆனால் பயத்தில் இல்லை. ஒரு வருஷமாக எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு பெயரும் காரணமும் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே.

நான் அழைப்பு சொல்கிறவள் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள். இரண்டு வகை உண்டு என்று சொன்னேன். ஒன்று பேச்சு அழைப்பு, நின்ற இடத்தில் யோசித்துக் கட்டுவது. பிப்ரவரியில் கவிழ்ந்தது அதுதான். இன்னொன்று பாட்டு அழைப்பு, அடிகளெல்லாம் பாட்டுக்குள்ளேயே இருக்கும், பாடினால் போதும். "பழைய பாட்ட இங்கயே பாடுங்க பாப்போம்" என்றாள். பாடினேன். ஒரு சொல் தவறவில்லை. நெஸ்டர் அந்த ஆஸ்பத்திரி அறையிலேயே எழுந்து ஒரு சுற்று சுற்றினார்.

எனக்கு அந்த மைக் வேண்டும் அக்கா. ஜூலையில் அம்மா அப்பாவை நான்தான் ஆட வைக்க வேண்டும். ஆனால் பாதிப் பாட்டில் நின்றுவிட்டால்? ஊர் முழுக்க இருக்கும். அந்த சாஸ்கட்டூன்காரரை வேண்டாம் என்று சொல்வாயோ, வைத்துக்கொள்வாயோ, எனக்குத் தெரியாது. என்னைக் கேட்டுச் செய்.

தார்க்கா

*

ஹாலிஃபாக்ஸ்
22 மே 1997

என் தங்கமே,

சுகமாக இருக்கிறேன். உன் கடிதத்தை வேலை இடத்தில் படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், பல் வலியோடு வந்த ஒருத்தர், "ரொம்ப வலிக்குமோ?" என்று என்னைப் பார்த்தே நடுங்குகிறார்.

திட்டினாயே, அது சரி. நூற்றுக்கு நூறு சரி. உன்னைக் கேட்காமல் உன் இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்தேன். இப்போது கேட்கிறேன்: அவரை வேண்டாம் என்று சொல்லட்டுமா? இதற்குப் பதில் எழுதி அனுப்பினால் பத்து நாளாகும் என்று நெஸ்டருக்கு போன் போட்டேன். "அவளக் கேட்டுச் சொல்றேன்" என்று போனார், திரும்பி வந்து, "சொல்லிடுங்கங்கறா. சொல்லும்போதே மைக்கைத் தொடச்சுக்கிட்டிருக்கா" என்றார். அந்த ஆளிடம் சொல்லிவிட்டேன். நல்ல மனுஷன், வாழ்த்துச் சொன்னார்.

இத்தோடு ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். உள்சட்டை மாதிரி இருக்கும், பைகளில் பனிக்கட்டி வைத்துக்கொள்ளலாம். வெக்கை உன்னை அண்டாது. மீன் கடையில் பரப்பி வைத்த நண்டு மாதிரி இருப்பாய், ஆனால் நல்ல விலை போகிற நண்டு.

செவ்வாய்க்கிழமை மாலைகளில் எனக்கு போன் போடாதே. இருக்க மாட்டேன். எங்கே என்று கேட்காதே.

உன் அக்கா

*

துப்ரோவா
16 ஜூன் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நலமறிய ஆவல். அதைவிட, அந்தச் செவ்வாய்க்கிழமைக்காரர் யார் என்று அறிய ஆவல்! அம்மா அதற்குள் அவருக்கு வயசு, வேலை, மீசை எல்லாம் முடிவு செய்துவிட்டாள். கல்யாண நாளுக்குக் கூட்டி வருவாயா?

நண்டுச் சட்டை வந்தது. போட்டதும் "ஐயோ!" என்று கத்தினேன், நெஸ்டர் சமையலறையிலிருந்து ஓடி வந்தார். ஆனால் அக்கா, அதைப் போட்டுக்கொண்டால் மத்தியானம்கூடத் தலை தெளிவாக இருக்கிறது.

பாட்டு அழைப்பு மட்டும்தான், ஐந்து பாட்டு. தினமும் காலையில், களைப்பதற்கு முன்னால், கோழிகளுக்குப் பாடிக் காட்டுகிறேன். பாட்டுக்குப் பாட்டு நடுவில் உட்கார்ந்துவிடுவேன். நான் பாடும்போது என்னிடம் யாரும் பேசக் கூடாது. மேடைப் படியில் நெஸ்டர் காவல் நிற்கிறேன் என்றார். அதை எழுதி ஒட்டியும் வைத்தோம்: 'பாடும்போது பேசுகிறவருக்குச் சாப்பாடு கிடையாது.' இப்படி முன்கூட்டியே ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவதில் எனக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. பாலின் அம்மாள் மட்டும், "போன தடவ மாதிரியே மாத்தி விட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றாள். அம்மாவிடம் சொல்லாதே.

பயம் போகவில்லை. ஆனால் பயத்தோடேயே பாட வருகிறது.

தார்க்கா

*

ஹாலிஃபாக்ஸ்
3 ஜூலை 1997

தார்க்கா,

சுகம். பதினேழாம் தேதி விமானம். தனியாகத்தான் வருகிறேன், அம்மாவிடம் சொல்லிவிடு, மீசைக்காரர் வரவில்லை. பெட்டியில் தட்டையான செருப்பு ஒன்று வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்காதே.

ஒலேனா

*

துப்ரோவா
28 ஜூலை 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? பூனை கோபமாக இருக்கிறதா? நான் நான்கு நாள் தூங்கினேன். இப்போது எழுந்து நடமாடுகிறேன்.

எனக்கு ஒரு உதவி வேண்டும். அந்த ராத்திரி என்னிடம் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. பாட்டு இருக்கிறது, உன் முகம் இருக்கிறது, அப்பா காது இருக்கிறது. முன்னே பின்னே வரிசை இல்லை. எல்லாரும் சொல்கிறார்கள், ஆளுக்கொரு மாதிரி. நீ பார்த்ததைப் பார்த்தபடி எழுது. வேண்டும்போது எடுத்துப் படித்துக்கொள்கிறேன்.

தார்க்கா

*

ஹாலிஃபாக்ஸ்
6 ஆகஸ்ட் 1997

என் தங்கமே,

சுகம். பூனை இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை, இப்போது சமாதானம்.

எழுதுகிறேன், வரிசையாகக் கேள்.

கூடத்தில் ஒன்பது சதுரம் நின்றது. நீ நீலப் பாவாடை, உள்ளே நண்டுச் சட்டை, கையில் சிவப்புத் தடி. முதல் பாட்டுக்கு நெஸ்டர் என்னிடம் வந்து கை நீட்டினார், நான் எழுந்தேன். அம்மா, "இவ ஆடப் போறாளா? யாராவது நாற்காலிய எல்லாம் ஓரம் போடுங்க!" என்றாள். நீ மைக்கிலேயே, "செவ்வாய்க்கிழம!" என்று கத்தினாய். ஆமாம், அதுதான் செவ்வாய்க்கிழமை. இங்கே ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சேர்ந்து ஆடக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்று சொல்வது அதிகம். ஒவ்வொரு வாரமும் வழி தெரியாமல் அலைந்தேன். அங்கே முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: "தொலஞ்சு போனா நின்னு முழிக்காதீங்க. உங்க இடத்துக்குப் போங்க, துணையோட கையப் பிடிங்க, காத்திருங்க." அந்த ஒன்றில் மட்டும் நான் கெட்டிக்காரி ஆகிவிட்டேன்.

மூன்று பாட்டு தேன் மாதிரி போயிற்று. நான்காவது, அம்மா அப்பாவுக்குப் பிடித்த பாட்டு. எல்லாரும் கலைந்து, பாதிச் சுற்றில் இருக்கிறோம். காவல் நிற்க வேண்டிய நெஸ்டர் என்னோடு ஆடிக்கொண்டிருந்தார், அது என் தப்பு. பாதிரியார் மேடை ஏறி உன் காதில், "கல்யாண ரொட்டிய எப்ப வெட்டணும்?" என்று கேட்டார். உன் வாய் நின்றது. இசை ஓடுகிறது, அழைப்பு இல்லை. உன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் போய்விட்டது. மேடைக்கு ஓடி வந்து மைக்கை வாங்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். உன் மே மாதக் கடிதம் ஞாபகம் வந்தது.

அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தேன். நெஸ்டர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் இடத்துக்குப் போய் நின்றேன். எங்கள் சதுரம் பார்த்தது, வந்தது. பக்கத்துச் சதுரம் வந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஒன்பது சதுரமும் அவரவர் இடத்தில், கைகோர்த்து, உன்னைப் பார்த்துக்கொண்டு தாளத்துக்குக் காலைத் தட்டிக்கொண்டு நின்றது. அப்பா மட்டும் வேண்டுமென்றே பாலின் அம்மாள் பக்கத்தில் போய் நின்றார். அம்மா அவர் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

நீ அதைப் பார்த்தாய். சிரித்தாய். மைக்கில் சிரிப்பு கூடம் முழுக்கக் கேட்டது. "எல்லாரும் அவங்கவங்க இடத்துக்கு வந்தாச்சா? அப்பாவையும் சேத்துத்தான் கேக்கறேன்! சரி, நானும் வந்துட்டேன்" என்றாய். முதல் வரியிலிருந்து திரும்ப ஆரம்பித்தாய். கடைசியில் துணையோடு ஊர்வலம் என்றபோது எழுபத்திரண்டு பேரும் சொந்தத் துணையோடு இருந்தார்கள். அம்மா அழுதுகொண்டே ஆடினாள். நானும்தான்.

பாதிரியாருக்குக் கடைசிவரை சாப்பாடு போடவில்லை. அவர் மனைவி ஒளித்துவைத்துக் கொடுத்தாள்.

உன் அக்கா

*

துப்ரோவா
24 ஆகஸ்ட் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், நீயும் நலம் என்று நேற்று போனிலேயே கேட்டுக்கொண்டேன்.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அப்பா காது வருகிற இடத்தில் புதுசாகச் சிரிக்கிறேன். என் மறதியில் இப்படியும் ஒரு லாபம் இருக்கிறது பார்.

செப்டம்பரில் கிளப் திறக்கிறது. பாட்டு அழைப்பு எனக்கு, பேச்சு அழைப்பு பாலின் அம்மாளின் மகனுக்கு. என்னைக் கேட்டுத்தான் முடிவு செய்தார்கள்.

நேற்று மணி அடித்தபோது நானே போய் எடுத்தேன், கவனித்தாயா? "செப்டம்பர்ல மொதல் பாட்டு எது?" என்று நீ கேட்டாய். பாட்டின் பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. உன் பக்கம் சத்தமே இல்லை. மூச்சு விடாமல் பேசுகிற ஒலேனா பக்கம்! லைன் அறுந்துவிட்டது என்றே நினைத்தேன். "அக்கா, இருக்கியா?" என்றேன்.

"என் இடத்துலதான்டி நிக்கறேன். நீ மெதுவா வா" என்றாய்.

போனை வைத்தபிறகு நெஸ்டர், "ஏன் அழற?" என்று கேட்டார். "அழல, சிரிக்கறேன்" என்றேன். இரண்டும்தான்.

பாட்டின் பெயர் இன்று காலையில் கோழிக்குத் தீனி போடும்போது வந்துவிட்டது. அப்படியே ஓடி வந்து உனக்கு போன் போட்டேன். நீ எடுக்கவில்லை. இப்போது யாரடி போன் எடுக்காதவள்?

உன் தங்கை,
தார்க்கா